வெளுக்காத நீலம்

அத்தியாயம் ஒன்பது

ஸ்டிக்கர் லேசில் வரவில்லை.

ஆர்லன் ஹேர் டிரையரைக் கதவோடு ஒட்டிப் பிடித்தான். சூடு ஏறியதும் ஓரத்தில் நகத்தைக் கொடுத்துக் கிளப்பினான். கிரீடத்தின் ஒரு முனை எழுந்தது. பிறகு அடுத்தது. ஹேர் டிரையர் ஜூனோவுடையது. வீட்டில் சூடாக ஊதுவது வேறு எதுவும் இல்லை.

ஜூனோ அவன் மனைவி. நவம்பரில் போய்விட்டாள். காய்ச்சல் என்று தானே வண்டியை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வண்டியை மட்டும் ஆர்லன் போய் எடுத்து வந்தான்.

அவள் விட்டுப் போனவை இந்தப் பெட்டிகள். கல்யாணத்துக்கும், ரோடியோ என்னும் காளைச் சவாரிப் போட்டிக்கும், சில கோடைகளில் தீயணைப்பு முகாமுக்கும் வாடகைக்கு விடும் கழிப்பறைப் பெட்டிகள். ஒவ்வொரு கதவிலும் ஒரு மஞ்சள் கிரீடம். அதன் கீழே கம்பெனியின் பெயர்: ஜூனோவின் சிம்மாசனங்கள். அதற்கும் கீழே சின்னதாக: உட்கார்ந்தால் எல்லாரும் ராஜா. பெயர் அவள் வைத்தது. வாசகம் அவள் எழுதியது. எழுத்து எழுத்தாகக் கத்தரித்து ஒட்டியதும் அவள்தான். கம்பெனியில் பெரிய பங்கும் அவளுடையதாகவே இருந்தது.

போன வாரம் அவள் அக்கா கோரின் மிசூலா நகரத்திலிருந்து வந்து இறங்கியதைப் பார்த்தோம். கார் பின்சீட்டிலிருந்து சுருள் சுருளாகப் புது ஸ்டிக்கர்களை எடுத்து அவள் சமையலறை மேஜைமேல் விரித்தாள். சாம்பல் பின்னணி, ஒரு பச்சை மரம், 'கிரே பைன் களச் சுகாதாரச் சேவை.' அதைப் பார்த்துவிட்டு வெண்டல் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார். வெண்டல் இந்த இரண்டு பெண்களுக்கும் அப்பா. கம்பெனியின் கழிவு உறிஞ்சும் லாரியை ஓட்டுவதும் அவர்தான்.

அந்த ஸ்டிக்கர்கள் பேச வேண்டிய நாள் இன்று.

காட்டுத்தீ சீசனுக்கு முன்னால் வட்டார வன அலுவலகம் சின்னக் கம்பெனிகளை ரோடியோ மைதானத்துக்குக் கூப்பிடும். தண்ணீர் லாரிக்காரர்கள், சமையல் வண்டிக்காரர்கள், கூடாரக்காரர்கள், கழிப்பறைக்காரர்கள். தீயணைப்பு முகாம்களுக்கு வேண்டிய எல்லாரும். ஆளுக்குக் கால் மணி நேரம். சாமானைக் காட்ட வேண்டும். நாங்கள் யார் என்று சொல்ல வேண்டும். பிடித்துப்போனால் பெயர் பட்டியலில் ஏறும். கோடை முழுக்க அந்தப் பட்டியலிலிருந்துதான் கூப்பிடுவார்கள்.

மற்ற வேலைகள் கைவிட்டுப் போயிருந்தன. மிசூலாவின் பெரிய கம்பெனி ஒன்று குளிர்காலத்திலேயே கல்யாணங்களைப் பிடித்துக்கொண்டது. ரோடியோவும் அதனிடம் போனது. இப்போது பெட்டிகளையும் லாரியையும் மொத்தமாக விலைக்குக் கேட்கிறது. சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். லாரி போனால் வெண்டல் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஒரு காது கேட்காத, எழுபதை நெருங்கும் ஆளை யார் ஸ்டீயரிங்கில் உட்கார வைப்பார்கள்? அது அவருக்கும் தெரியும். வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை.

தனக்கு என்ன ஆகும் என்று ஆர்லன் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய இடத்தில் அவனுக்குள் ஒன்றும் இல்லை.

கிரீடம் முழுதாகக் கையோடு வந்தது. ஆர்லன் ஹேர் டிரையரை நிறுத்தினான்.

கிரீடம் போகவில்லை.

பெட்டிகள் பல கோடைகளை வெட்டவெளியில் கழித்தவை. நீல பிளாஸ்டிக் வெளுத்துச் சாம்பலுக்கு வந்திருந்தது. ஸ்டிக்கர் இருந்த இடத்தில் மட்டும் வெயில் படவில்லை. வாங்கிய அன்று இருந்த கருநீலம் அங்கே அப்படியே இருந்தது. கிரீடத்தின் வடிவத்தில். ஜூனோவின் பெயர் வடிவத்தில். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக.

கோரின் வந்து பார்த்தாள்.

"துடைச்சா போகுமா?"

"அழுக்கு இல்ல. நிறம்."

"அப்போ எப்பதான் போகும்?"

"இதுவும் வெளுக்கணும்" என்றான் ஆர்லன். "இன்னும் அத்தனை கோடை ஆகும்."

அவள் புது ஸ்டிக்கரை எடுத்து அதன்மேல் ஒட்டினாள். அளவு போதவில்லை. பச்சை மரத்தின் தலைக்கு மேலே கிரீடத்தின் முனைகள் கருநீலமாக நீட்டிக்கொண்டிருந்தன. மரத்துக்கு முடிசூட்டியதுபோல.

"பத்தடி தள்ளி நின்னா தெரியாது" என்றாள் கோரின்.

லாரிக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த வெண்டல் தலை நிமிரவில்லை. "பத்தடி தள்ளி நின்னா யாரும் உள்ள போக முடியாதும்மா" என்றார்.

கோரினுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் விளம்பரக் கம்பெனியில் வேலை செய்பவள். தங்கை ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவளால் வந்து சேர முடியவில்லை. மலைப்பாதையில் பனி. இப்போது லீவு போட்டுவிட்டு வந்து, தூங்காமல் இந்தக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தப் பார்க்கிறாள். அவள் பேசுவதெல்லாம் பிராண்ட். அவள் அழுவதை யாரும் பார்க்கவில்லை.

ஒரு வாரமாக அவள் சொல்லி வந்தது இதுதான். கல்யாணத்துக்குக் கழிப்பறை எடுக்கிறவனுக்குச் சிரிப்பு வேண்டும், அவனுக்கு ஜூனோவின் கிரீடம் பிடிக்கும். அரசாங்க அதிகாரிக்கு வேண்டியது சிரிப்பு இல்லை. நாளைக்கு ஏதாவது தப்பாகப் போனால், இந்தக் கம்பெனியை ஏன் எடுத்தாய் என்று மேலிடம் கேட்கும். அப்போது அவர் ஒரு காகிதத்தை நீட்ட வேண்டும். அந்தக் காகிதத்தில் சிம்மாசனம் என்று இருந்தால் அவர் மானம் போய்விடும். ஆகவே பெயரைப் பார்த்ததும் கொட்டாவி வர வேண்டும். கொட்டாவி வந்தால் நம்பிக்கை வந்துவிட்டது என்று அர்த்தம்.

இதைக் கேட்டு வெண்டல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கொட்டாவி விட்டுக்கொண்டே ஒருவன் எப்படி அவசரமாகக் கதவைத் திறப்பான் என்று.

முதல் பெட்டியைத் தானே பார்த்துக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார். முதல் பெட்டி என்றால் கம்பெனிக்காக முதன்முதலில் வாங்கியது. அதன் கதவில் மட்டும் கிரீடத்தோடு ஒரு படமும் உண்டு. தங்கக் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு, மூடிய கழிப்பறைமேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து ஜூனோ சிரிக்கும் படம். ஆர்லன் எடுத்தது. ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி ஒட்டியது.

அந்தப் படத்தை உரித்துவிட்டதாக வெண்டல் கோரினிடம் சொல்லியிருந்தார்.

காலையில் ஆர்லன் கொட்டகைக்குப் பின்னால் போனபோது அவர் அந்தப் பெட்டிக்குத் தார்ப்பாய் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். தார்ப்பாயின் விளிம்பில் படத்திலிருந்த தங்கக் கிரீடம் கொஞ்சம் தெரிந்தது. இருவரும் பார்த்துக்கொண்டார்கள். வெண்டல் இன்னொரு முடிச்சுப் போட்டார். பிறகு இருவருமாக அதை டிரெய்லரில் ஏற்றினார்கள்.

தார்ப்பாய்க்குள் என்ன என்று கோரின் கேட்டாள். உதிரிச் சாமான் என்றார் வெண்டல். ஆர்லன் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் குளிர்காலம் முழுக்க அவன் சொல்லாமல் விட்டவற்றில் அதுவும் ஒன்று.

லாரியில் மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆற்றோரச் சாலையில் நிழல் பக்கமெல்லாம் இன்னும் பனி கிடந்தது. பெட்ரோல் பங்கில் வாங்கிய காபி ஆளுக்கொன்று. கோரின் அவனைப் பேசப் பழக்கினாள். கம்பெனி இப்போது அவன் பெயரில் இருக்கிறது, எனவே அவன்தான் பேச வேண்டும்.

"நீங்க யாருன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

"கழிப்பறை வாடகைக்கு விடுறவங்க."

"களச் சுகாதாரம்."

"களச் சுகாதாரம்" என்றான்.

"எழுதி வெச்சதை ஒப்பிக்கிற மாதிரி சொல்லாத, ஆர்லன்."

அவன் கண்ணாடிக்கு வெளியே சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். கோரின் பேசும்போது அவன் அவள் பக்கம் திரும்புவதில்லை. அக்கா தங்கை என்று பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஜூனோ குள்ளம், செம்பட்டை முடி, முகமெல்லாம் புள்ளிகள். கோரின் நெடுநெடுவென்று கறுத்த முடியோடு இருப்பாள். குரல் மட்டும் ஒன்று. திரும்பாமல் இருக்கும் வரை அந்தக் குரலை வைத்துக்கொள்ளலாம். திரும்பினால் அது போய்விடும்.

பழைய விளம்பரத் தாளில் 'பெண் நடத்தும் நிறுவனம்' என்று ஒரு வரி இருந்ததே, புதியதில் காணோமே என்று அவன் கேட்டான்.

"எடுத்துட்டேன். பங்கு இப்ப உன் பேர்ல. பெண்களுக்குன்னு ஒதுக்குன இடத்துல உன்னை எப்படி நிறுத்துறது? மீசையை எடுத்தாலும் நம்ப மாட்டாங்க."

வெண்டல் மூக்கால் சிரித்தார்.

"சும்மா ஒரு வரிதானேன்னு போட்டுட முடியாது" என்றாள் கோரின். "அரசாங்கத்துக்கிட்ட இல்லாததை இருக்குன்னு சொன்னா அது கேஸு. ஜெயில்ல போடுவாங்க."

பிறகு கொஞ்சம் தயங்கி, ஜூனோ இல்லை என்று வன அலுவலகத்துக்கு அவன் சொல்லிவிட்டானா என்று கேட்டாள்.

சொல்லவில்லை. ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்காகப் போன் செய்து சொல்லி வந்தான். மின்சார அலுவலகம், பல் டாக்டர், நூலகம். எல்லாருக்கும் ஒரே வாக்கியம். நூலகத்தில் இருந்த பெண் அழுதுவிட்டாள். ஜூனோ எடுத்த புத்தகங்களைத் திருப்ப வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அதோடு நிறுத்திவிட்டான்.

கோரின் மேற்கொண்டு கேட்கவில்லை. வெண்டலின் கேட்காத காது அவள் பக்கம் இருந்தது. அவர் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

மைதானத்தில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. காளைகளை அடைக்கும் கொட்டடிக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம், ஒரு மடக்கு மேஜை. மேஜைக்குப் பின்னால் திருமதி ராஸ்முசென். முகாம்களுக்கு எதை யாரிடம் எடுப்பது என்று முடிவு செய்பவர். நரைத்த பின்னல், கம்பளிச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. அவருக்கு முன்னால் ஒரு மடிக்கணினி.

வெண்டல் லாரியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, காட்ட வேண்டிய பெட்டி ஒன்றை இறக்கி வைத்தார். தார்ப்பாய் சுற்றியதை இறக்கவில்லை.

அவர்களுக்கு முன்னால் போன தண்ணீர் லாரிக்காரன் தொப்பியை ஆட்டிக்கொண்டே வந்தான். ஆர்லனின் முறை வந்தது.

கோரின் புதுத் தாளை மேஜைமேல் வைத்தாள். ஒரே பக்கம். சாம்பலும் பச்சையும். திருமதி ராஸ்முசென் அதை மேலிருந்து கீழே படித்தார். கொட்டாவி வரவில்லை என்றாலும் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கோரின் மேஜைக்குக் கீழே ஆர்லனின் காலை லேசாக மிதித்தாள். நல்லா போகுது என்று அர்த்தம்.

அவர் கணினியில் பெயரைத் தட்டினார். மறுபடி தட்டினார்.

"கிரே பைன் பேர்ல ஒரு வேலையும் காட்டலையே."

புதுப் பெயர் என்று கோரின் விளக்கினாள். பழையது என்ன என்பதை மட்டும் வாயில் எடுக்கவில்லை. பெயரை மாற்றியதோடு விடவில்லை, அரசாங்கப் பதிவிலும் ஒழுங்காக மாற்றிவிட்டதாகச் சொன்னாள். போன வாரமே செய்தாயிற்று. அதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது. ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தது.

திருமதி ராஸ்முசென் கண்ணாடியைக் கழற்றினார்.

அவர் கடுமையாகப் பேசவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. பதிவில் பெயர் மாறினால் பழைய பெயரும் புதியதும் ஒன்றுதான் என்று மேலே ஒருத்தர் சரிபார்த்து முடிக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பழைய வேலைகள் எதுவும் இந்தப் பெயரோடு ஒட்டாது. முகாமில் வேலை செய்த அனுபவம் இல்லாத யாரையும் அவரால் பட்டியலில் ஏற்ற முடியாது. பட்டியல் இன்று மூடுகிறது.

"உங்க கணக்குப்படி பழைய கம்பெனியா இருக்கலாம்" என்றார். "என் கணக்குல நீங்க போன வாரம் பொறந்தவங்க. போன வாரம் பொறந்தவங்களை நான் நெருப்புக்கு அனுப்ப முடியாதுங்க."

ஆர்லன் கோரினின் கையைப் பார்த்தான். மேஜை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அவள் தன் கையாலேயே செய்தது. தங்கை சேர்த்து வைத்திருந்த நல்ல பெயரையெல்லாம் ஒரே வாரத்தில், அக்கறையோடு, ஒழுங்காக, துடைத்துப் போட்டுவிட்டாள்.

"மேடம், அதை மறுபடி பழையபடி..."

"அதுக்கும் அதே வாரங்கள்தான் ஆகும்."

கூடாரத்துக்கு வெளியே அடுத்த ஆள் தொண்டையைச் செருமினான். திருமதி ராஸ்முசென் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தாளைத் திருப்பி நீட்டினார். அதை யாரும் வாங்கவில்லை.

சாயங்காலம் மிசூலாக்காரர்கள் போன் செய்வார்கள். நாளைக்கே லாரியை எடுத்துப் போவார்கள். ஆர்லன் வெண்டலைப் பார்த்தான். அவர் தூரத்தில் லாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நேற்றே துடைத்த கண்ணாடி.

அப்போதுதான் ஆர்லன் பேசினான்.

"கொஞ்சம் எழுந்து வர்றீங்களா?"

கோரினே அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஒரு வேலையைக் கேட்பதைப்போலத்தான் கேட்டான், கெஞ்சவில்லை. ஏனோ திருமதி ராஸ்முசென் எழுந்துவிட்டார்.

பெட்டியருகே போனார்கள். ஆர்லன் கதவின் முன் மண்டியிட்டு, காலையில் கோரின் ஒட்டிய ஸ்டிக்கரின் மூலையைக் கிளப்பினான். புதிது என்பதால் ஒரே இழுப்பில் வந்தது. பச்சை மரம் அவன் கையில் சுருண்டது.

வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. வெளுத்த கதவில் கருநீலக் கிரீடம் எழுந்து நின்றது. ஜூனோவின் சிம்மாசனங்கள். உட்கார்ந்தால் எல்லாரும் ராஜா.

திருமதி ராஸ்முசென் குனிந்து பார்த்தார். பிறகு சிரித்தார். அடக்க முடியாமல், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"கிரீடக்காரங்களா நீங்க?"

ஆர்லன் தலையாட்டினான்.

அவர் பேச ஆரம்பித்தார். போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, ஏரிக்கு மேலே இருந்த முகாமில், இரண்டு கம்பெனிப் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். பசங்கள் நெருப்பிலிருந்து இறங்கி வருவார்கள், முகமெல்லாம் கரி. ஒரு பக்கம் பெட்டிகள் காலியாக இருக்கும். கிரீடம் போட்ட பெட்டிகளுக்கு முன்னால் வரிசை நிற்கும். உள்ளே போகிறவனுக்கு மற்றவர்கள் சல்யூட் வைப்பார்கள். முகாம் மேனேஜர் அதைத் தன் அறிக்கையில் எழுதினார். சுத்தம், நேரம், எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண். கடைசி வரியில், அடுத்த தடவையும் கிரீடம் வேண்டும் என்று.

"அந்தப் பேரைப் போய் ஏங்க எடுத்தீங்க?"

கோரின் தரையைப் பார்த்தாள்.

"நீங்க சிரிக்க மாட்டீங்கன்னு நெனச்சோம்" என்றான் ஆர்லன்.

"அரசாங்கச் சம்பளம் வாங்குறதாலயே நான் சிரிக்கிறதை விட்டுட்டேனா?"

அவர் கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த ஆளிடம் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னார். ஒரு வழி இருக்கிறது என்றார். பெயர் மாற்றம் வேண்டாம் என்று, பழைய பதிவில் இருக்கும் உரிமையாளரே தன் முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். மேலே இன்னும் சரிபார்த்து முடிக்காததால், பெயரை மாற்றக் கேட்டதே கிடையாது என்று ஆகிவிடும். பழைய பெயரில், பழைய வேலைகளோடு, இன்றே ஏற்றிவிடலாம். இன்னொன்றும் உண்டு. பெண்கள் நடத்தும் கம்பெனிக்கென்று ஒதுக்கிய இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. அதற்குத் தகுதியாக இந்த வட்டாரத்தில் வேறு யாரும் இல்லை.

"அதனால கையெழுத்து ஜூனோவோடது. போன்ல பேசிப் பேசியே பழக்கம், ஆளைப் பார்த்ததே இல்ல. எங்க அவங்க? வந்திருக்காங்களா?"

ஜெனரேட்டர் உறுமியது.

இதற்குச் சொல்ல ஆர்லனிடம் ஒரு வாக்கியம் இருந்தது. மின்சார அலுவலகத்துக்குச் சொன்னது. பல் டாக்டருக்குச் சொன்னது. அதை எடுத்தான். முதல் சொல் நாக்கின்மேல் வந்து நின்றது.

"நான்தான்."

ஜூனோவின் குரல். அவனுக்குப் பின்னாலிருந்து, மிக அருகில்.

திரும்பக் கூடாது என்று இத்தனை நாள் இருந்தவன் திரும்பிவிட்டான்.

கோரின் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. குரல் மட்டும் நன்றாக இருந்தது. "மன்னிச்சுக்குங்க மேடம். பேரை நானே மாத்திட்டு, நான்தான் ஜூனோன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

திருமதி ராஸ்முசென் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கூடாரத்துல பேசுனப்பவே இந்தக் குரலை எங்கயோ கேட்டிருக்கேனேன்னு பாத்தேன்." பிறகு ஆர்லனிடம் திரும்பினார். கண்ணாடிக்கு மேலாக அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீங்கதான் வீட்டுக்காரர். உங்களைப் பத்திச் சொல்லியிருக்காங்க. பேச மாட்டாரு, ஆனா கூடவே நிப்பாருன்னு."

அதை ஜூனோ எப்போது சொன்னாள்? எந்தக் கோடையில்? எங்கே நின்றுகொண்டு? அவனுக்குத் தெரியவில்லை. அவள் போன பிறகு அவளிடமிருந்து அவனுக்கு வந்த முதல் புதுச் சொல் அது. ஒரு கழிப்பறைப் பெட்டியின் முன்னால், இந்த நேரத்தில்.

"நீங்கதானே?"

"ஆமா" என்றான் ஆர்லன்.

அதில் பொய் இல்லை. அவன் ஜூனோவின் கணவன்தான். ஆனால் அதைச் சொன்னதோடு கோரினின் பொய்யில் அவனும் சேர்ந்துவிட்டான். கோரின் அவனைப் பார்க்கவில்லை. ஜெயில்ல போடுவாங்க என்று காலையில் இதே குரல்தான் சொன்னது.

திருமதி ராஸ்முசென் போனை வெளியே எடுத்தார். கையெழுத்தோடு ஒரு போட்டோவும் வைத்துவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றார். கதவிலிருந்த கருநீல எழுத்தைப் படம் எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது படத்துல சரியா விழலை. பழைய ஸ்டிக்கரோட ஒரு பெட்டியாவது மிச்சம் இருக்கா, ஜூனோ?"

"எல்லாத்தையும் எடுத்துட்டோம் மேடம்."

"ஒண்ணு இருக்கு."

வெண்டல். அவர் எப்போது லாரியின் இந்தப் பக்கம் வந்தார் என்று ஆர்லன் கவனிக்கவில்லை. துடைக்கும் துணி இன்னும் கையில் இருந்தது. பட்டியலில் ஏற வழி பிறந்துவிட்டது என்பது மட்டும் அவருக்குப் புரிந்ததுபோல இருந்தது. குளிர்காலம் முழுக்க ஆர்லன் பார்க்காத ஒரு வெளிச்சம் அவர் முகத்தில்.

"இருக்கா?" என்றார் திருமதி ராஸ்முசென்.

"முதல் பெட்டிம்மா. அதுல மட்டும் கை வெக்க நான் விடலை." துணியைத் தோளில் போட்டுக்கொண்டு டிரெய்லரின்மேல் ஏறினார். "வாங்க, காட்டுறேன். எம் பொண்ணு அதுல எவ்வளவு நல்லா இருப்பா தெரியுமா?"

கோரின் ஆர்லனைப் பார்த்தாள். படத்தை உரித்தாயிற்று என்று நம்பியிருந்தவள். தார்ப்பாய்க்குள் இருப்பது ஜூனோவின் முகம் என்று இப்போது புரிந்துவிட்டது. அவள் உதடுகள் அசைந்தன, அப்பா என்று. சத்தம் வரவில்லை.

திருமதி ராஸ்முசென் போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு டிரெய்லரை நோக்கி நடந்தார்.

வெண்டல் முதல் முடிச்சை அவிழ்த்தார். அவருக்கு வலது காதுதான் கேட்காது. கோரின் தன்னை ஜூனோ என்று சொன்னபோது அவர் இந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தது எந்தக் காதை என்று ஆர்லன் நினைத்துப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை.

கயிறு தளர்ந்து தார்ப்பாயின் விளிம்பு காற்றில் எழுந்தது. படத்தின் தங்கக் கிரீடம் வெயிலில் மின்னியது.